பிந்தி வந்த ஆசிரியர்கள்: மலாக்கா இடைநிலைப்பள்ளிகளும் தோட்டத்துத் தமிழரும்

மலாக்கா மாநிலத்தின் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் கற்பிக்கும் தமிழர் எல்லாரும் கல்லூரியிலிருந்து நேரே வகுப்பறைக்கு வந்தவர்கள் அல்லர். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதியவர், பத்து பெரண்டாம் மின்னணு ஆலையில் தொழில்நுட்பராக இருந்தவர், காப்புறுதி முகவர், பிள்ளைகள் வளர்ந்தபின் பட்டப்படிப்பை முடித்த இல்லத்தரசி, பல ஆண்டுகளைத் தற்காலிக ஆசிரியராகவே ஓட்டியவர் என்று பலரும் முப்பதைத் தாண்டி, சிலர் நாற்பதைத் தொட்டு, முதல் நிரந்தர நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கியிருக்கிறார்கள். கல்வித் துறையும் பொதுமக்களும் இவர்களை விதிவிலக்காகவே பார்க்கிறார்கள். பதினெட்டில் பயிற்சிக் கழகம், இருபத்து மூன்றில் நியமனம், அறுபதில் ஓய்வு என்பதுதான் ஆசிரியருக்குரிய பாதை என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போய்விட்டது. தோட்டப்புறத் தமிழரைப் பொறுத்தவரை அந்தப் பாதை அண்மையில் போடப்பட்டது. அதற்கு முன் நெடுங்காலம் வேறு வேலையிலிருந்து வந்தவர்கள்தாம் அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள்.

பிரட்டுக்களத்திலிருந்து பள்ளிக்கு

மலாக்காவின் இரப்பர் வரலாறு 1896-இல் தொடங்குகிறது. தான் சே யான் என்ற மலாக்கா பாபா வணிகர் அவ்வாண்டு புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். மலாயாவில் வாணிகத்துக்காக நடப்பட்ட முதல் இரப்பர்த் தோட்டமாக அதைக் குறிப்பிடுவது வழக்கம். அடுத்து அவர் புக்கிட் ஆசகானில் திறந்த தோட்டம் சுமார் 3,000 ஏக்கர். ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. ஆணும் பெண்ணும் பால் வெட்டப் போனார்கள்; கைக்குழந்தைகள் ஆயக்கொட்டகையில் கிடந்தன; கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் லயத்தில் திரிந்தார்கள்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1920-களின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்துவிட்டது, ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. தோட்டத் துரைமார் அந்தக் கேள்விக்குச் செலவில்லாத விடை ஒன்றைக் கண்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, கிராணி, மருத்துவமனை உதவியாள் என யாரையாவது பிடித்து உட்கார வைத்தார்கள். விடியலில், வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டவரே, பால் நிறுத்து முடிந்தபின் கொட்டகையில் அதே குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த தோட்டங்கள் உண்டு. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. பாடமுறை இல்லை, பயிற்சி இல்லை, பிரம்புக்கு மட்டும் பஞ்சமில்லை. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. பிள்ளையின் தகப்பன் எந்த நிரையில் வெட்டுகிறான், தாய் எத்தனை மணிக்கு எழுகிறாள், அந்த வீட்டில் விளக்கு எரியுமா என்பதையெல்லாம் அறிந்த ஒருவர் முன்னால்தான் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

போருக்குப் பின் நிலை மெல்ல மாறியது. பயிற்சியில்லாத ஆசிரியர்களுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் வகுப்புகள் நடந்தன. 1957-இல் பகல்நேரப் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. கற்பித்துக்கொண்டே பயின்ற அந்தத் தலைமுறையில், குடும்பமும் பிள்ளையும் உள்ளவர்கள் மாணவர்களாக உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. மலாக்கா அப்போதே ஆசிரியர் பயிற்சியில் பழம்பெயர் பெற்ற ஊர். 1900-இல் மலாய் ஆசிரியர்களுக்கான கல்லூரி அங்கே திறக்கப்பட்டது. 1935-இல் டுரியான் டாவுனில் மலாய்ப் பெண் ஆசிரியர்களுக்கான கல்லூரி வந்தது. பின்னது ஆசிரியர் கல்விக் கழகமாக இன்றும் இயங்குகிறது. தமிழாசிரியர்களுக்கு அப்படியொரு தனிக் கட்டடம் மலாக்காவில் எழவில்லை. நாடு விடுதலை பெற்றபோது மலாயாவில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று நாடு முழுவதும் சுமார் 530, மலாக்காவில் 21.

1965-இல் திறந்த கதவு

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்குமேல் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி மலேசியாவில் இல்லை. இந்த ஒரு செய்தியை விட்டுவிட்டால் மலாக்காவின் இடைநிலைப்பள்ளி ஆசிரியரைப் புரிந்துகொள்ள முடியாது. 1956-இன் ரசாக் அறிக்கை தொடக்கப்பள்ளி அளவில் தாய்மொழிக்கு இடம் தந்தது. 1960-இன் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் அதையொட்டிய 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அரசு உதவி பெறும் இடைநிலைக் கல்வியை ஆட்சிமொழிகளில் மட்டும் அமைத்தன. அன்று அதன் பொருள் மலாய் அல்லது ஆங்கிலம். அப்போதும் ஆறாம் ஆண்டு முடித்த எல்லாரும் இடைநிலைப்பள்ளிக்குள் போய்விட முடியாது. நுழைவுத் தேர்வு ஒன்று வாசலை மறித்து நின்றது. அது நீக்கப்பட்டு 1965 முதல் ஒன்பதாண்டுக் கல்வி அனைவருக்கும் என்றானதும், தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முறையாகப் பெருந்தொகையில் நகரத்துப் பள்ளிகளுக்குப் பேருந்து ஏறினார்கள்.

வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க வட்டாரப் பயிற்சி நிலையங்கள் உருவாயின. எழுத்தர்களும் இளநிலை அலுவலர்களும் அந்த வழியாகக் கீழ்ப்படிவ ஆசிரியர்களானார்கள். பிந்தி வருவோருக்கு வாசல் எப்போதெல்லாம் திறந்தது என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு பற்றாக்குறை நிற்கும். அவர்களுடைய அனுபவத்தை மதித்து யாரும் அழைக்கவில்லை. ஆள் போதவில்லை என்பதால் அழைத்தார்கள். இந்த வேறுபாடு பின்னால் அவர்களுடைய சம்பளச் சீட்டிலும் தெரியும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கும் முதல் படிவத்துக்கும் நடுவில் புகுமுக வகுப்பு நின்றது. புதிய மொழிக்குப் பழக ஓராண்டு. ஆங்கிலவழியில் படிக்கப் போனவர்களுக்கு அது ஆங்கிலம் பழகும் ஆண்டு. 1970-இல் ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளிகளின் முதல் வகுப்பில் ஆரம்பித்த மொழிமாற்றம் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1976-இல் முதல் படிவத்தை எட்டியது. 1980-களின் தொடக்கத்தில் இடைநிலைக் கல்வி முழுவதும் மலாய்வழியானது. ஒரே தோட்டத்து லயத்தில் அண்ணன் கீழ்ப்படிவத் தேர்வை ஆங்கிலத்தில் எல்.சி.இ. என்று எழுதினான், சில ஆண்டு இளைய தம்பி அதையே மலாயில் எஸ்.ஆர்.பி. என்று எழுதினான். இருவரில் யார் பின்னாளில் ஆசிரியராக முடிந்தது என்பதைப் பெரும்பாலும் பிறந்த ஆண்டே தீர்மானித்தது.

தேர்வில் தோற்றவர்கள் தோட்டத்துக்கே திரும்பினார்கள், அல்லது தொழிற்சாலைக்குப் போனார்கள். இடைநிற்றலை ஆராய்ந்த 1973-இன் முராட் அறிக்கை வறுமைக்கும் படிப்பை விடுவதற்கும் உள்ள தொடர்பைப் பதிவு செய்தது. அதே ஆண்டில்தான் சீமென்ஸ் நிறுவனம் பத்து பெரண்டாமில் ஆலை திறந்தது. இன்று அது இன்ஃபினியோன். தோட்டத்து இளையோர் சீருடை அணிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறத் தொடங்கினார்கள். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு இத்தனை கைகள் வேண்டியதில்லை. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் காலியாக, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு நகர்ந்தன. பின்னாளில் பிந்தி ஆசிரியரானவர்களில் கணிசமானோர் இந்த நகர்வின் நடுவில் வளர்ந்தவர்கள். பத்தாம் வயதில் தோட்டத்துப் பள்ளி, இருபதில் தொழிற்சாலை, முப்பதில் இரவு வகுப்பு என்பது அவர்களுடைய வரிசை.

எந்த வாசல் வழியாக

இடைநிலைப்பள்ளியில் கற்பிக்கப் பட்டமும் கற்பித்தல் தகுதியும் வேண்டும். பட்டம் கிடைப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-இல் நிறுவப்பட்டு, வேலையிலிருப்போரை முன்வைத்தே தன்னை வளர்த்துக்கொண்டது. தொடக்க ஆண்டுகளில் பட்டமில்லாத ஆசிரியர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். முன்னனுபவத்தைக் கல்வித் தகுதியாக ஏற்கும் முறை வந்தபின், எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் வழி பிறந்தது. மலாக்காவுக்குள்ளேயே புக்கிட் பெருவாங்கில் பல்லூடகப் பல்கலைக்கழகமும், டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து அடுத்தடுத்து வந்தன. பொறியியலும் கணினியும் படித்த தமிழர்கள் இதனால் பெருகினார்கள். பொருளாதாரம் சரிந்த ஆண்டுகளில் அவர்களில் சிலர் பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்டதாரியை ஆசிரியராக்கும் ஓராண்டுப் படிப்பு பல பெயர்களில் இருந்திருக்கிறது. கே.பி.எல்.ஐ. என்ற பெயர்தான் நாற்பதைத் தாண்டிய பலருக்கு நினைவிருப்பது. பின்னர் அது டி.பி.எல்.ஐ. ஆனது, இன்று பி.டி.பி.பி. என்கிறார்கள். பெயர் மாறினாலும் விளம்பரத்தில் வயது வரம்பு என்ற வரி பலரைத் தடுத்து நிறுத்தியது. 35 என்ற எண் அவர்களுக்கு மனப்பாடம். அந்தப் பிறந்தநாளுக்கு முன் நேர்முகத் தேர்வு வருமா வராதா என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. தமிழ்ப்பள்ளிகளிலும் சீனப்பள்ளிகளிலும் தற்காலிக ஆசிரியராக இருந்தவர்களுக்காக விடுமுறைக் காலப் பயிற்சி நடத்தப்பட்டபோது, ஊரே விடுமுறையில் இருக்க, அவர்கள் மட்டும் புத்தகப் பையோடு பயிற்சிக் கழகத்துக்குப் புறப்பட்டார்கள்.

2021-இல் கல்வி அமைச்சு 18,702 ஆசிரியர்களை ஒரே தடவையில் எடுக்கும் சிறப்பு அறிவிப்பை வெளியிட்டது. கல்வியியல் பட்டம் இல்லாத பட்டதாரிகளும் அதில் விண்ணப்பிக்க முடிந்தது. ஒப்பந்தத்தில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியை முடிக்க வேண்டும். 1965-இல் நடந்ததன் மறுபதிப்பு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். பற்றாக்குறை வந்தது, கதவு திறந்தது.

எல்லா வாசல்களிலும் நிற்கும் காவலாள் ஒருவர்தான்: ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வின் மலாய்மொழித் தாளில் சிறப்புத் தேர்ச்சி. அது இல்லாமல் அரசுப் பணியில் நிரந்தர நியமனம் கிடையாது. கணிதத்தில் முதல்நிலைப் பட்டம் இருந்தாலும், பத்தாண்டுத் தொழிற்சாலை அனுபவம் இருந்தாலும், பதினேழு வயதில் எழுதிய ஒரு தாளின் மதிப்பெண் கதவை அடைத்துவிடும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தட்டுத்தடுமாறி மேலேறியவர்களுக்கு அந்தத் தாளில்தான் அடி பலமாக விழுந்திருக்கும். அதைத் திரும்ப எழுத அனுமதி உண்டு. அந்தத் தேர்வுக்கூடத்தை ஒருமுறை பார்த்தால் போதும். முந்தைய ஆண்டு தவறிய பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். நடுவில் ஓரிரு மேசைகளில் காதோரம் நரைத்தவர்கள். மேற்பார்வையாளர் முதலில் அவர்களைச் சக ஆசிரியர் என்று நினைத்து வணங்கிவிட்டு, பிறகு அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார். கட்டுரைப் பகுதியில் இளைஞர்களின் எதிர்காலக் கனவு பற்றி எழுதச் சொன்னால், அதையும் எழுத வேண்டியதுதான்.

இந்த நிபந்தனை நியாயமா என்று கேட்கலாம். மலாயில் பாடம் நடத்துபவருக்கு மலாய் வர வேண்டும் என்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் இருபது ஆண்டு தொழிற்சாலைக் கூட்டங்களை மலாயில் நடத்தியவருடைய மொழித்திறனை ஒரு பழைய சான்றிதழால் அளப்பது, பழைய காலணியைக் கொண்டு இன்றைய காலை அளப்பது போலத்தான்.

பெயர்ப் பதிவேடு

இடைநிலைப்பள்ளியில் புதிய ஆசிரியருக்கு முதல் தேர்வு பெயர் கூப்பிடுவது. மலாக்கா நகரத்து வகுப்பு ஒன்றின் பதிவேட்டில் பின், பிந்தி என்று தந்தை பெயர் சேர்ந்த மலாய்ப் பெயர்கள் இருக்கும். குலப்பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னும் வரும் சீனப் பெயர்கள் இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்பவற்றின் சுருக்கத்தைத் தாங்கிய தமிழ்ப் பெயர்களும் சீக்கியப் பெயர்களும் இருக்கும். உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பிலிருந்து ஐரோப்பியக் குடும்பப் பெயருடன் ஒரு பிள்ளை வரும். காஜா பெராங்கின் மலாக்கா செட்டி சமூகத்திலிருந்து, பிள்ளை என்றோ நாயக்கர் என்றோ முடியும் பெயருடன், வீட்டில் தமிழே பேசாத ஒரு பிள்ளை வரும். அலோர் காஜா, ஜாசின் பக்கத்துப் பள்ளிகளில் தெமுவான் பூர்வகுடிப் பிள்ளைகளும் இருப்பார்கள். 2020 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை பத்து இலட்சத்தை ஒட்டியது. அதில் இந்தியர் சுமார் 6 விழுக்காடு. ஆகவே நாற்பது பேர் கொண்ட வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் சராசரியாக இரண்டு மூன்று பேர்தான். நகரத்தின் சில பள்ளிகளிலும் பழைய தோட்டங்களை ஒட்டிய சிற்றூர்களிலும் அந்த எண்ணிக்கை கூடும்.

ஆசிரியரை எல்லாரும் 'சிக்கு' என்றே அழைப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நடைக்கூடத்தில் எதிர்ப்பட்டால் 'சார்', 'டீச்சர்' என்று தாழ்ந்த குரலில் மாற்றிக்கொள்வார்கள். அந்த ஒரு சொல் மாற்றத்தில் ஒரு கோரிக்கையும் அடங்கியிருக்கும்.

பிந்தி வருவோர் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளமான இரண்டு கருத்துகள் இங்கே உதவும். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975-இல் எழுதிய நூலில், ஆசிரியராகிறவர் தம் பள்ளிப் பருவத்தில் ஆயிரக்கணக்கான மணிநேரம் ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றிருக்கிறார் என்று காட்டினார். நல்ல பாடமும் கெட்ட பாடமும் அப்படித்தான் தலைமுறை தாண்டுகின்றன. மலாக்காவில் நாற்பதில் வரும் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய வகுப்பறையை மனத்தில் சுமந்து வருகிறார். அவர் படித்தபோது இருந்த கீழ்ப்படிவத் தேர்வான பி.எம்.ஆர். 2014-இல் பிடி3 ஆனது, 2022-இல் அதுவும் எடுக்கப்பட்டது. பாடத்திட்டம் மாறியது, மதிப்பீட்டுப் படிவங்கள் கணினிக்குப் போயின. அவருடைய நினைவிலுள்ள பள்ளி இப்போது எங்கும் இல்லை. முதல் ஆண்டில் அவர் படும் திண்டாட்டத்தில் பாதி இதனால் வருவது.

மற்றொரு கருத்து கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் முன்வைத்தது. ஒரு பாடத்தை அறிந்திருப்பது வேறு. அதைத் தெரியாதவருக்குப் புரியும்படி எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்ற அறிவு வேறு. பொறியாளருக்கு மின்சுற்று தெரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதில் எங்கே இடறும் என்பது தெரியாது. அனுபவசாலிகள் வகுப்பறையில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆலையில் சொன்னால் செய்தார்கள், இங்கே சொன்னால் ஏன் என்று கேட்கிறார்கள் என்ற புலம்பல் ஆசிரியர் அறைகளில் புதிதல்ல. அதையும்விடக் கடினம், பிள்ளைகள் ஏன் என்றுகூடக் கேட்காமல் சும்மா இருப்பது.

ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வழியாக வந்தவருக்கு, இடறும் இடங்களில் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். அவரே அங்கே விழுந்து எழுந்தவர். முதல் படிவ அறிவியல் பாடத்தில் பொருளின் மூன்று நிலைகள் வருகின்றன. ஆசிரியர் 'பெபெஜால், செச்சாயிர், காஸ்' என்கிறார். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குத் திடம், திரவம், வாயு மூன்றும் தெரியும். பனிக்கட்டி உருகுவதற்கும் நீர் ஆவியாவதற்கும் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கும். இந்த நிமிடம் அது எதுவும் தெரியாத பிள்ளையைப் போல உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஆசிரியர்கள் அந்த மௌனத்தை அறியாமை என்று குறித்துக்கொள்ளலாம். அதே மௌனத்தில் ஓராண்டு உட்கார்ந்திருந்தவர், மேசையைக் கடந்து போகும்போது ஒரே சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு நகர்வார். மூன்று விநாடி. பிள்ளையின் பேனா எழுதத் தொடங்கும்.

இதைத் தமிழ்ப் பிள்ளைக்குக் காட்டும் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. மொழி தாண்டுவதன் வலியை அறிந்தவருக்குச் சீனப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளையின் மௌனமும் அடையாளம் தெரியும். மலாய் இலக்கணத்தில் ஒட்டுகள்தான் இருவருக்கும் முதல் முட்டுக்கட்டை. 'அஜார்' என்ற வேரிலிருந்து 'பெலாஜார்' என்றால் கற்பது, 'மெங்கஜார்' என்றால் கற்பிப்பது, தமிழில் 'பெலாஜார்' என்றே எழுத வேண்டிய இன்னொரு சொல் மாணவரைக் குறிக்கும், 'பெங்கஜார்' கற்பிப்பவரைக் குறிக்கும். முதல் எழுத்தின் ஓசை வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் காட்டக்கூட முடியாது. தமிழ்க் காது அதைப் பிடிக்க நாளாகும். ஆனால் கல் என்ற ஒரே வேரிலிருந்து கற்றலும் கற்பித்தலும் தமிழிலும் பிறக்கின்றன என்று காட்டினால் பிள்ளைக்குப் பிடி கிடைத்துவிடும். வணிகப் பாடத்தில் மூலதனத்துக்கு 'மோடால்' என்பார்கள். அது நம்முடைய முதல். 'கெடாய்' கடை, 'காப்பால்' கப்பல், 'பெத்தி' பெட்டி, 'காத்தில்' கட்டில். மலாய் வகுப்பில் இந்தச் சொற்கள் தமிழிலிருந்து வந்தவை என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது மலாய்ப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மலாக்காவில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1796-இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்த முன்ஷி அப்துல்லா, தமிழரும் அரபியரும் கலந்த குடும்பத்தவர். சிறுவயதில் தமிழும் கற்றார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததால்தான் 'முன்ஷி', அதாவது மொழியாசிரியர், என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் கிறித்துவப் பாதிரிமாருக்கும் மலாய் சொல்லிக்கொடுத்தார். 1849-இல் வெளியான அவருடைய தன்வரலாறு இன்றும் நவீன மலாய் உரைநடையின் தொடக்கமாகப் படிக்கப்படுகிறது. அவர் பெயரில் மலாக்காவில் ஓர் இடைநிலைப்பள்ளியும் உண்டு. வேற்று மொழிக்காரர்களுக்கு மொழி கற்பிப்பது மலாக்காவின் மிகப் பழைய தொழில்களில் ஒன்று.

பிந்தி வந்த தமிழாசிரியருக்கு எழுதப்படாத வேலை ஒன்றும் சேர்ந்துவிடும். நியமனம் கணிதத்துக்கு என்றாலும், பள்ளியில் தமிழர் அவர் ஒருவரானால், தமிழ்ப் பிள்ளைகள் பற்றிய எல்லாமே அவர் மேசைக்கு வரும். மட்டம் போட்டவன், சண்டை போட்டவன், தைப்பூசத்துக்கு விடுப்பு கேட்பவன், கட்டணம் கட்டாதவன் என எல்லாக் கோப்புகளுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெற்றோரைப் பார்த்துவரவும் அவரையே அனுப்புவார்கள். வயதும் இதற்கு ஒரு காரணம். இருபத்து நான்கு வயது ஆசிரியை வீட்டு வாசலில் நின்றால் தகப்பன் எழுந்து நிற்கமாட்டான். நாற்பத்தைந்து வயதுக்காரர் போனால் நாற்காலி எடுத்துப் போடுவான். பள்ளி நிர்வாகங்கள் இதை நன்கு அறிந்து பயன்படுத்துகின்றன. பாடவேளை அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஆண்டுகளின் கணக்கு

பணியில் சேர்ந்தபின் பழைய அனுபவத்துக்கு என்ன மதிப்பு? சம்பள ஏணியைப் பார்த்தால் சுழியத்தை ஒட்டிய மதிப்புதான். பட்டதாரி ஆசிரியர் நெடுங்காலம் டிஜி 41 என்ற படியில் தொடங்கினார். காலமுறை உயர்வில் எட்டு ஆண்டில் 44, மேலும் எட்டில் 48, மேலும் ஆறில் 52. இருபத்து நான்கில் சேர்பவர் நாற்பத்தாறில் 52-ஐ எட்டுவார். நாற்பதில் சேர்பவர் நாற்பத்தெட்டில் 44, ஐம்பத்தாறில் 48. அடுத்த படிக்கு அறுபத்திரண்டு ஆக வேண்டும், ஆனால் ஓய்வு வயது அறுபது. 2024 டிசம்பரில் வந்த புதிய ஊதியத் திட்டம் படிகளின் எண்களை மாற்றியது.

ஓய்வூதியத்தின் சூத்திரம் இன்னும் வெளிப்படை. கடைசிச் சம்பளத்தை 600-ஆல் வகுத்து, பணிபுரிந்த மாதங்களால் பெருக்க வேண்டும்; உச்சவரம்பு 360 மாதம். முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தில் 60 விழுக்காடு. நாற்பதில் சேர்ந்தவருக்கு 240 மாதம், அதாவது 40 விழுக்காடு. அவருடைய முந்தைய உழைப்பு ஊழியர் சேமநிதியில் வேறு கணக்காகக் கிடக்கும், இரண்டும் ஒன்றுசேராது. 2024 தொடக்கத்தில், புதிதாகச் சேர்வோரை ஓய்வூதியத்துக்குப் பதில் சேமநிதியின்கீழ் கொண்டுவரும் முடிவை அரசு அறிவித்தது. இளம் ஆசிரியர்களுக்கு இது இழப்பாகத் தெரிந்தது. பிந்தி வருவோருக்கு நிலைமை வேறு: தொழிற்சாலையில் தொடங்கிய சேமநிதிக் கணக்கு அறுந்துபோகாமல் தொடரும்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. அரசுப் பணியில் விருப்ப ஓய்வுக்கான குறைந்தபட்ச வயது நாற்பது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் களைத்துப்போய் அந்த விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். அதே நாற்பதில் வேறு சிலர் உள்ளே வர வரிசையில் நிற்கிறார்கள். வெளியேறுகிறவர்களின் இடத்தில் இவர்களை அமர்த்தும் நிலையான திட்டம் மலேசியாவில் உருவாகவில்லை. பிற நாடுகளில் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்கா 1990-களில் படைத்துறையிலிருந்து வெளியேறுவோரை ஆசிரியராக்கத் தனித் திட்டம் தொடங்கியது. இங்கிலாந்தில் நாளிதழ்ப் பத்தியாளர் லூசி கெல்லவே 2016-இல் 'நவ் டீச்' என்ற அமைப்பை மற்றொருவருடன் சேர்ந்து நிறுவி, ஐம்பதுகளின் பிற்பகுதியில் தாமே இலண்டனின் ஹாக்னி வட்டாரப் பள்ளியில் ஆசிரியரானார். பல இனப் பிள்ளைகள் படிக்கும் பகுதி அது. வங்கியாளரும் வழக்கறிஞரும் அந்த வழியில் வந்தார்கள். அங்கே அது செய்தியானது; வசதியுள்ளோர் வசதியை விட்டு வந்தார்கள் என்பதே செய்தி. மலாக்காவில் நிலை நேர்மாறு. தோட்டத்துப் பிள்ளைக்குப் பதினெட்டில் எட்டாத வேலை நாற்பதில் எட்டுகிறது. தியாகக் கதை எதுவும் இங்கே கிடையாது, பாக்கி வசூல் என்று சொன்னால் பொருந்தும்.

நியமனம் வந்தாலும் எந்த ஊருக்கு என்பது வேறு கவலை. சபா, சரவாக் உட்பட நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். இருபத்து நான்கு வயதுக்காரர் ஒரு பெட்டியோடு விமானம் ஏறிவிடுவார். நாற்பதில் வருபவருக்கு வீட்டுக் கடன் உண்டு, வயதான தாய் உண்டு, ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை உண்டு. இடமாற்ற விண்ணப்பத்தை ஆண்டாண்டாகப் புதுப்பித்துக்கொண்டே குடும்பத்தைப் பிரிந்திருந்தவர்கள் உண்டு. இடம் மறுத்து மீண்டும் தற்காலிக வேலைக்கே போனவர்களும் உண்டு. தற்காலிக ஆசிரியராக இருந்தால் ஊரிலேயே இருக்கலாம். பிரசவ விடுப்பில் போனவரின் இடத்தை மூன்று மாதம் நிரப்பலாம். ஒப்பந்தம் முடிந்தபின் மறு அழைப்பு வருமா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தமிழ்ப் பாடத்தின் நிலையும் இத்தகையவர்களைச் சார்ந்தே இருக்கிறது. தேசியப் பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பதினைந்து பேர் தேறினாலும் பாடவேளை தேறுவதில்லை. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்தபின் நடக்கிறது. தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து வரும் ஆசிரியர் எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைப்பதில்லை. அப்போது கணித ஆசிரியரோ வணிக ஆசிரியரோ தாமாக முன்வந்து வகுப்பை எடுப்பார். எஸ்.பி.எம். தமிழ்மொழித் தாளும் தமிழ் இலக்கியத் தாளும் எழுதும் மாணவர்களின் எண்ணிக்கை இப்படிப்பட்ட பிற்பகல்களில்தான் காப்பாற்றப்படுகிறது.

அந்த வகுப்புக்குப் பெரும் இடைஞ்சல் பேருந்து. ஆசகான் பக்கமோ தெபோங் பக்கமோ போகும் பள்ளிப் பேருந்து மணியடித்த கால்மணி நேரத்தில் கிளம்பிவிடும். அதை விட்டால் பிள்ளை வீடு போக வழியில்லை. நேரே கல்லூரியிலிருந்து வந்தவர் இதைத் தெரிந்துகொள்ள ஒரு தவணை ஆகும். அதற்குள் வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர் முதல் வாரமே பேருந்து ஓட்டுநரிடம் போய்ப் பேசிவிடுவார். செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டாவது நடையில் இந்த ஏழு பேரையும் ஏற்றிக்கொள்ள ஓட்டுநர் ஒப்புக்கொண்டால், செவ்வாய்க்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும்.